சிதம்பரம் – கடலூர் வட்டாரத்தில் மெய்யியல் கல்வியின் செலவும் வருவாயும்: கோயில் முறை முதல் கல்விக்கடன் வரை

ஆய்வுச்சுருக்கம்

மெய்யியல் பயின்றவரின் வருவாய் குறித்த இன்றைய விவாதம் பெரும்பாலும் வேலைவாய்ப்பு என்னும் ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அக்கல்விக்கான செலவை எந்தக் காலத்தில் யார் ஏற்றனர், அச்செலவு எப்போது கற்பவரின் தனிக்கடனாக மாறியது என்னும் வரலாற்றுக் கேள்வி போதிய கவனம் பெறவில்லை. சைவ சித்தாந்தத்தின் தாயகமான இன்றைய கடலூர் மாவட்டத்தையும் சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது. 1963ஆம் ஆண்டின் தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்திற்கும் 2001க்குப் பிந்தைய வங்கிக் கல்விக்கடனுக்கும் இடையிலுள்ள கருத்துநிலை வேறுபாடு இதில் முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்யியல், சைவ சித்தாந்தம், சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கல்விக்கடன், வட்டி மானியம், கௌரவ விரிவுரையாளர்.

முன்னுரை

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் கடமையையும் குறிக்கும்; திருப்பிச் செலுத்த வேண்டிய பொருளையும் குறிக்கும். கற்பித்தல் ஆசிரியரின் கடன், கற்றல் மாணவரின் கடன் என்று சொல்லப்பட்ட நெடுங்காலத்தில் அச்சொல்லுக்குத் தவணையோ வட்டியோ இருந்ததில்லை. ‘கல்விக்கடன்’ என்னும் கூட்டுச்சொல் இன்று எந்த வீட்டிலும் விளக்கமின்றிப் புரிகிறது. ஆனால் அது வழக்கிற்கு வந்து கால் நூற்றாண்டே ஆகிறது.

பொறியியல், மருத்துவம் ஆகிய படிப்புகளுக்கான கடன் பற்றிப் பொருளியல் நோக்கில் பல ஆய்வுகள் வந்துள்ளன. மெய்யியல் போன்ற துறைகள் அவற்றில் ‘பிற’ என்னும் நிரலுக்குள் அடங்கிப்போகின்றன. மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதே அதற்குரிய காரணம். ஆனால் எண்ணிக்கை குறைந்ததற்கான காரணங்களுள் ஒன்று அந்நிரலுக்குள்ளேயே இருக்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகிறது. இவ்வினாவை ஆராய்வதற்குச் சிதம்பரம் வட்டாரத்தைப் போலப் பொருந்திய களம் தமிழகத்தில் வேறொன்று இல்லை. மெய்கண்டார் பிறந்த ஊராக மரபு கூறும் பெண்ணாகடமும், அருள்நந்தி சிவாசாரியாரின் திருத்துறையூரும், உமாபதி சிவாசாரியாரின் கொற்றவன்குடியும் இன்றைய கடலூர் மாவட்ட எல்லைக்குள் அமைந்தவை. 1993இல் பழைய தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவெண்ணெய்நல்லூர் மட்டும் விழுப்புரம் பக்கம் சென்றது.

முறை இழந்த ஆசிரியர்

மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் எட்டினை இயற்றியவர் உமாபதி சிவாசாரியார். அவருடைய சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235ஐ, அதாவது கி.பி. 1313ஐத் தன்னகத்தே குறிப்பிடுவதால் அவர்தம் காலம் ஐயத்திற்கிடமின்றித் தெரிகிறது. தில்லைவாழ் அந்தணருள் ஒருவராகப் பிறந்த அவர், மறைஞான சம்பந்தரை ஆசிரியராக ஏற்று, அவர் பருகிய கூழின் எச்சத்தை உண்டார் என்றும், அதனால் தம் குழுவினரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் தங்கினார் என்றும் மரபு கூறுகிறது. அவருடைய கொடியேற்றும் முறை மற்றொருவருக்கு அளிக்கப்பட்டபோது கொடி ஏறவில்லை என்பதும், அவர் பாடிய பின்னரே ஏறிற்று என்பதும் கொடிக்கவி பற்றிய வரலாறு.

இக்கதையைப் பக்தி நோக்கிலும் சாதி மறுப்பு நோக்கிலும் அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். இதற்குப் பொருளியல் நோக்கு ஒன்றும் உண்டு. கோயிலில் ‘முறை’ என்பது பூசை செய்யும் உரிமை மட்டுமன்று. அம்முறைக்குரிய வருவாயில் பங்குபெறும் உரிமையும் ஆகும். முறை இழந்தவர் பிழைப்பையும் இழந்தவர். ஆகவே மரபு நினைவில் வைத்திருக்கும் தில்லையின் மெய்யியல் ஆசிரியர், தம் மெய்யியல் தேர்வின் காரணமாக வருவாய் இழந்தவராகவே அறிமுகமாகிறார். கதை முழுவதும் வரலாற்று நிகழ்ச்சியா என்பது வேறு வினா. கல்விக்கும் பிழைப்புக்கும் இடையே மோதல் நேரும் என்பதைப் பதினான்காம் நூற்றாண்டுச் சமூகம் அறிந்திருந்தது என்பதற்கு அக்கதை போதிய சான்று.

அதன்பின் சித்தாந்தக் கல்வியைத் தாங்கியவை மடங்கள். திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் ஆகிய ஆதீனங்களின் நிலவருவாயிலிருந்து மாணாக்கருக்கு உணவும் உறையுளும் ஏடும் கிடைத்தன. மாணாக்கர் செலுத்தியது தம் காலத்தையும் பணிவிடையையும்தான். இவ்வேற்பாட்டைப் பொற்காலமாகக் காட்டுவது பிழை. யார் மடத்தின் பந்தியில் அமரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. செலவு இல்லாத கல்வி எல்லாருக்குமான கல்வியாக இருக்கவில்லை. அதே வேளையில், உள்ளே அனுமதிக்கப்பட்டவர் எவரும் கற்றதற்காகக் கடனாளியாக வெளியேறவில்லை என்பதும் உண்மை.

பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் இரண்டு வகையான புதிய முயற்சிகள் சிதம்பரத்தை அடைந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சியாக 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மடத்தின் நிலத்திற்குப் பதிலாகப் பொதுமக்களின் நன்கொடை இங்கே முதலாயிற்று. 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் தொடங்கிய பள்ளியும் விடுதியும் மடம் மறுத்த மாணவர்களுக்காகவே எழுந்தவை. வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் வேதாந்தம் பயின்ற துறவி ஒருவர், தாம் கற்ற மெய்யியலின் பயனாகச் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்டோருக்குப் பள்ளி அமைத்தார் என்பது இவ்வட்டாரத்தின் கல்வி வரலாற்றில் அழுத்தமாகக் குறிக்கப்பட வேண்டிய செய்தி. பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர் 1959இல் மறைந்தார்.

பட்டம் வந்த பின்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் மெய்யியல் ஒரு பட்டப்பாடமாயிற்று. அன்று பட்டத்தின் மதிப்பு பாடத்தில் இல்லை. எந்தப் பாடத்தில் பி.ஏ. பெற்றாலும் அரசு அலுவலகமும் வழக்குமன்றமும் திறந்திருந்தன. எனவே மெய்யியல் பயில்வது பொருளாதார நட்டமாகக் கருதப்படவில்லை. சில வேளைகளில் அதுவே சிக்கனமான தேர்வாகவும் இருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ச. இராதாகிருட்டிணன் மெய்யியலைத் தேர்ந்ததற்குக் காரணம், அப்பாடம் முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவருக்குக் கொடுத்துதவியதே என்று அவர்தம் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். இந்தியாவின் பெயர்பெற்ற மெய்யியலறிஞர் ஒருவரின் துறையைப் பழைய பாடநூல்களின் விலை தீர்மானித்தது!

நவீனச் சித்தாந்த ஆய்வின் செலவையும் இவ்வாறே வேறொரு தொழில் ஏற்றது. சிவஞானபோதத்தை 1895இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, 1897இல் ‘சித்தாந்த தீபிகை’ இதழைத் தொடங்கிய ஜே.எம். நல்லசுவாமிப் பிள்ளை மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகளின் முன்முயற்சியோடு 1905இல் உருவான சைவ சித்தாந்த மகாசமாசத்திலும் வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் மிகுதியாகப் பங்கேற்றனர். நீதிமன்றச் சம்பளமே அச்சுக்கூலியாயிற்று எனலாம். மெய்யியலால் எவரும் பிழைக்கவில்லை. பிழைப்பு உள்ளவர்கள் மெய்யியலைக் காத்தனர். இதன் விளைவாக, நிலமோ பதவியோ இல்லாத குடும்பத்தார் அவ்வாய்வு உலகின் வாசகராகலாம், ஆய்வாளராக இயலாது என்னும் நிலை நீடித்தது.

தமிழ்க் கல்வியில் இதற்கு இணையான மாற்றம் ஒன்று தெளிவாகப் பதிவாகியுள்ளது. திருவாவடுதுறை மடத்தின் ஆதரவில் பயின்ற உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். மடத்து மாணாக்கர் அரசுச் சம்பளக்காரரான அந்நிகழ்வு தமிழுக்கு ஒரு பிழைப்பு வழியை உறுதிசெய்தது. அவரே 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். பள்ளிதோறும் தமிழாசிரியர் தேவைப்பட்டதால் தமிழ் பயின்றவருக்கு ஊர்தோறும் பணியிடம் உண்டாயிற்று. மெய்யியலுக்கு அத்தகைய அடித்தளம் ஏற்படவில்லை. அது பள்ளிப் பாடமாகவே வேரூன்றவில்லை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் பின்வந்த அனைத்தையும் தீர்மானித்தது இதுவே.

அண்ணாமலைநகர்

அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதனோடு இணைந்த பிற கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாய் நன்கொடையையும் அடிப்படையாகக் கொண்டு 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. பர்மாவிலும் பிற நாடுகளிலும் வட்டித்தொழிலால் பெருகிய நகரத்தார் செல்வம், கொள்ளிடக் கரையோர வயல்வெளியில் பல்கலைக்கழகமாக மாறிற்று. கடன் கொடுத்து ஈட்டிய பொருள் கல்விக் கொடையாயிற்று; மூன்று தலைமுறை கழித்து அதே வளாகத்து மாணவர் வங்கியில் கடன் வாங்கிப் பயிலத் தொடங்கினர். இம்முரணை வரலாறு தானே அமைத்துள்ளது.

மெய்யியல் இப்பல்கலைக்கழகத்தில் மதிப்புடன் வளர்ந்தது. இரா. இராமானுஜாசாரி, பி.எஸ். நாயுடு ஆகியோர் இங்குப் பணியாற்றினர். 1940களில் பல்கலைக்கழக மெய்யியல் வரிசையில் விசிட்டாத்துவைத நூல்கள் பதிப்பிக்கப்பட்டன. ஜி. சுப்பிரமணிய பிள்ளையின் சைவ சித்தாந்த அறிமுகமும் வரலாறும் பற்றிய ஆங்கில நூல் 1948இல் வெளியாயிற்று. கொடையால் இயங்கும் சொற்பொழிவுகளும் நடைபெற்றன. கற்பிப்பவர் வருவாய்க்கும் பதிப்புச் செலவுக்கும் இவ்வாறு வழி பிறந்தது.

கற்பவர் நிலை வேறு. இது உறைவிடப் பல்கலைக்கழகம். உறைவிடக் கல்வியில் குடும்பத்தை அழுத்துவது பாடக் கட்டணத்தைக் காட்டிலும் விடுதிச் செலவே. வீட்டிலிருந்து நடந்து சென்று படிக்கும் ஊர்க் கல்லூரிக்கும், மாதந்தோறும் உணவுக் கணக்குத் தீர்க்க வேண்டிய விடுதிக்கும் இடையிலான வேறுபாட்டைக் கட்டண விகித அட்டவணைகள் காட்டுவதில்லை. அத்துடன், பல்கலைக்கழகம் தோன்றிய காலமும் படித்தோர் வேலையின்மை பெருகிய காலமும் ஒன்றே. 1920களின் பிற்பகுதியில் சென்னை அரசு படித்த நடுத்தர வகுப்பாரின் வேலையின்மை பற்றி ஆராயக் குழு அமைத்தது; ஐக்கிய மாகாணத்தில் சாப்ரு குழு 1930களின் நடுவில் அதே சிக்கலை ஆராய்ந்தது. எந்தப் பட்டமும் அலுவலகக் கதவைத் திறக்கும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் நம்பிக்கை அப்போதே தளர்ந்திருந்தது. ஆயினும் அன்று வேலை கிடைக்காத பட்டதாரி தந்தையின் சேமிப்பை இழந்தவராகவே இருந்தார். தம் பெயரில் வங்கிக் கணக்கில் நிலுவை உடையவராக இல்லை.

ஆசிரியரானால் தள்ளுபடி: 1963

விடுதலைக்குப் பின் மாணவர் கடன் என்னும் கருத்தை முதன்முதலில் நாடளாவிய அளவில் நடைமுறைப்படுத்தியது 1963இல் இந்திய அரசு தொடங்கிய தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம். பெயரிலேயே அதன் இரட்டை இயல்பு புலப்படும்: உதவித்தொகையும் அதுவே, கடனும் அதுவே. தகுதியும் வறுமையும் உடைய மாணவருக்கு வட்டியில்லாமல் பணம் வழங்கப்பட்டது. படித்து முடித்து வருவாய் ஈட்டத் தொடங்கியபின் திருப்பித் தர வேண்டும். கடன் பெற்றவர் ஆசிரியப் பணியில் சேர்ந்தால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி செய்யப்படும் என்பது அதன் குறிப்பிடத்தக்க விதி.

இவ்விதியின் பொருளை மெய்யியல் மாணவரை முன்வைத்துப் பார்க்கலாம். எம்.ஏ. முடித்து ஒரு கலைக்கல்லூரியில் பயிற்றுநராகச் சேர்ந்தவர் பத்தாண்டு கற்பித்தால் கடன் முழுதும் தீர்ந்துவிடும். பணத்தால் அன்றிப் பணியால் அடைக்கக்கூடிய கடன் அது. ‘கடன்’ என்னும் சொல்லின் இரு பொருளும் அரசாணை ஒன்றில் இணைந்து நின்ற அரிய தருணம் இதுவெனல் மிகையன்று. படிப்பின் பயன் படித்தவரின் சம்பளத்தில் மட்டும் இல்லை, அவர் கற்பிக்கும் மாணவரிடத்தும் உள்ளது என்னும் கருத்து அவ்விதியின் அடியில் இருந்தது. எந்தப் பாடம் என்று அது கேட்கவில்லை.

திட்டம் நிலைக்கவில்லை. வசூல் மிகக் குறைவாக இருந்தது; மாநில அரசுகளுக்கும் மைய அரசுக்கும் இடையே கணக்கு முடிப்பதே சுமையாயிற்று. நிருவாகக் குறைபாட்டால் வீழ்ந்த அத்திட்டத்தோடு அதன் கருத்தும் கைவிடப்பட்டதுதான் இழப்பு.

கடன் உண்டு, மானியம் இல்லை: 2001க்குப் பின்

2001இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தது. இந்திய ரிசர்வ் வங்கி அதனை வங்கிகளுக்கு அனுப்பியது. உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்சம் ரூபாய் என உச்சவரம்பு அமைந்தது. பின்னர் அவை முறையே 10 லட்சமாகவும் 20 லட்சமாகவும் உயர்ந்தன. 4 லட்சம் வரை பிணை தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் நடத்தும் பட்டப்படிப்பு, பட்டமேற்படிப்பு அனைத்தும் தகுதி பெற்றன. ஆகவே எம்.ஏ. மெய்யியலுக்குக் கடன் பெறத் தடையில்லை. தமிழ்நாடு இக்கடனில் நாட்டிலேயே முன்னணி இடம் பெற்றது. கடலூர் மாவட்டத்தின் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி முதல் சிற்றூர்க் கிளைகள் வரை கல்விக்கடன் விண்ணப்பங்கள் குவிந்தன.

2009இல் மைய அரசு வட்டி மானியத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதுதான் பிரிவினை தோன்றிற்று. பெற்றோரின் ஆண்டு வருவாய் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், படிக்கும் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை அரசே ஏற்கும். ஆனால் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி ஆகியவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும். ஆக, மெய்யியல் மாணவர் கடன் வாங்கத் தகுதியுடையவர். மானியம் பெறத் தகுதியற்றவர். இருவரும் ஒரே தெருவில் வாழும் ஒரே வருவாயுடைய குடும்பத்துப் பிள்ளைகளாக இருப்பினும் இவ்வேறுபாடு நீங்காது. 2010-11 முதல் தமிழக அரசு முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு வழங்கிய கல்விக்கட்டணச் சலுகையும் தொழிற்படிப்புகளையே முன்னிறுத்திற்று.

வேறுபாட்டின் அளவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். ஈராண்டு எம்.ஏ. படிப்பின் கட்டணத்திற்கும் விடுதிக்குமாக ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 2 லட்சம் ரூபாய்க் கடன், வட்டி 10 விழுக்காடு எனக் கொள்வோம். படிப்புக் காலமும் ஓராண்டு விலக்கும் முடியும்போது முதல் தொகைக்கு மூன்றாண்டு, இரண்டாம் தொகைக்கு ஈராண்டு எனத் தனிவட்டி 50,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அசல் 2.5 லட்சமாகும். அதனைப் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 3,304 ரூபாய், மொத்தம் 3.96 லட்சம். ஐந்தாண்டில் அடைத்தால் தவணை 5,312 ரூபாய். தொழிற்கல்வி மாணவர் அதே 2 லட்சத்தை வட்டி மானியத்துடன் பெற்றால் பத்தாண்டுத் தவணை 2,643 ரூபாய்தான். படித்து முடித்தபின் குறைந்த வருவாய் பெறக்கூடியவர் மாதம் 661 ரூபாய், பத்தாண்டில் ஏறத்தாழ 79,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்துகிறார். மானியத்தின் நோக்கம் ஏழை மாணவருக்கு உதவுவதாயின், இது அந்நோக்கத்திற்கு நேர் எதிரானது.

விதிவிலக்கு ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். 1944 முதல் வழங்கப்பட்டுவரும் பட்டியல் சாதி மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை, பாடத்தின் சந்தை மதிப்பைக் கேட்பதில்லை. தமிழக அரசின் 2012ஆம் ஆண்டு அரசாணை 92 கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வழிசெய்தது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் பயின்ற மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதில் கலைப்பாடம், தொழிற்பாடம் என்று பிரிப்பதில்லை. சமூகநீதியை அடிப்படையாகக் கொண்ட உதவிகள் பாடத்தை நோக்காமல் மாணவரை நோக்குகின்றன. கடன் சார்ந்த உதவிகள் மாணவரை நோக்காமல் பாடத்தை நோக்குகின்றன. கல்விக்கொள்கை ஆய்வுகளில் இவ்விரண்டும் ‘மாணவர் நிதியுதவி’ என ஒன்றாகவே வகைப்படுத்தப்படுவது திருத்தப்பட வேண்டியது.

தவணையும் சம்பளமும்

மேற்கண்ட தவணையை எந்த வருவாயிலிருந்து செலுத்துவது என்பது அடுத்த வினா. மெய்யியல் பட்டமேற்படிப்பு முடித்தவருக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய அரசுப் பணித் தேர்வுகள். இந்தியக் குடிமைப்பணித் தேர்வில் மெய்யியல் விருப்பப்பாடமாக இருப்பதும், அதன் பாடத்திட்டம் சுருக்கமானது என்று கருதப்படுவதும் சிலரை இத்துறைக்கு ஈர்த்துள்ளன. இரண்டாவது ஆய்வு; மூன்றாவது கல்லூரி ஆசிரியப் பணி.

உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாம் ஊதியக் குழுவின்படி 57,700 ரூபாய். நிரந்தரப் பணி கிடைத்தவருக்குக் கல்விக்கடன் ஒரு பொருட்டன்று. ஆனால் தமிழ்நாட்டில் மெய்யியல் துறை உள்ள நிறுவனங்கள் மிகச் சிலவே. சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணாமலை என விரல்விட்டு எண்ணும் பட்டியல் அது. நியமனங்களும் ஆண்டுக்கணக்கில் தாமதமாகின்றன. அரசு கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்க 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. அதற்கான தேர்வு அறிவித்த நாளில் நடைபெறவில்லை.

இடைவெளியை நிரப்புவது கௌரவ விரிவுரையாளர் பணி. அண்மை ஆண்டுகளில் அரசு கலைக் கல்லூரிகளில் இதற்கு மாதம் 25,000 ரூபாய், ஆண்டில் 11 மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுத்த நெறிமுறை மாதம் 50,000 ரூபாய் வரை வழங்க இடமளித்திருந்தது. ஐந்தாண்டுத் தவணையைத் தேர்ந்தவர் தம் மாத வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வங்கிக்குச் செலுத்த வேண்டும். சம்பளமில்லாத கோடை மாதத்திலும் தவணை நாள் தவறாமல் வரும். மறுபுறம், தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெற்றவருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. கற்கும் ஆய்வாளர் பெறும் தொகை கற்பிக்கும் விரிவுரையாளர் பெறுவதைவிட மிகுதி. ஆய்வை முடித்துப் பட்டம் பெறுவது வருவாய் குறையும் நிகழ்வாகிறது. ஆய்வேடுகள் கால நீட்டிப்புக் கோருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

இந்நிலையில் தவணை பெற்றோரின் தோளில் விழுகிறது. கடலூர் மாவட்டத்துப் பெற்றோரின் வருவாய் எத்தகையது என்பதும் இங்குக் கருதத்தக்கது. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை கடலோர ஊர்களைத் தாக்கிற்று. 2011 திசம்பர் 30இல் ‘தானே’ புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2015இல் பெருவெள்ளம். புதிய முந்திரிக்கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். வங்கியின் விலக்குக் காலம் ஓராண்டே. தோப்பின் காலமும் கடனின் காலமும் ஒத்துப்போவதில்லை. பயிர்க்கடனுக்குத் தள்ளுபடிகள் அறிவிக்கப்பட்டதுண்டு. அதே குடும்பம் பிள்ளையின் பெயரில் பெற்ற கல்விக்கடன் அத்தள்ளுபடிகளுள் அடங்கவில்லை.

2013: நிறுவனத்தின் கடன்

மாணவர் கடனாளியானது ஒருபுறமிருக்க, பல்கலைக்கழகமே நிதி நெருக்கடிக்குள்ளானது. 1979இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி இயக்ககம் பல்லாண்டுகள் முதன்மையான வருவாய் வழியாக விளங்கிற்று. தேவைக்கு மிஞ்சிப் பெருகிய பணியாளர் எண்ணிக்கை சுமார் 12,000ஐ எட்டியிருந்தது. 2012 இறுதியில் சம்பளக் குறைப்புப் பேச்சு எழுந்து பணியாளர் போராட்டமாக வெடித்தது. 2013 ஏப்ரலில் அரசு சிவ்தாஸ் மீனாவை நிருவாகியாக அமர்த்தியது. அவ்வாண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறி, நிறுவனர் குடும்பத்தின் தனியுரிமை முடிவுக்கு வந்தது. 1929இன் அறக்கொடை முறை 84 ஆண்டுகளில் அரசுப் பொறுப்பாயிற்று.

இதன் தொடர்விளைவு மெய்யியல் பட்டதாரிகளை மறைமுகமாகத் தாக்கிற்று. மிகைப் பணியாளராகக் கருதப்பட்ட ஆசிரியர்கள் மாநிலத்தின் பிற அரசு கல்லூரிகளுக்கு மாற்றி அமர்த்தப்பட்டனர். அவ்வாசிரியர் எவரும் பணியிழக்கவில்லை என்பது மனிதநேயமிக்க முடிவு. ஆனால் அவர்கள் நிரப்பிய இடங்கள் புதியவர்களுக்கு அறிவிக்கப்பட்டிருக்கக்கூடிய இடங்கள். ஒரு தலைமுறையின் பணிப்பாதுகாப்பு அடுத்த தலைமுறையின் காத்திருப்பாக மாறிற்று; அக்காத்திருப்புக் காலம் முழுவதும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020-21இல் கட்டணத்தை எதிர்த்து நடத்திய நீண்ட போராட்டம் வென்றது. அக்கல்லூரி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. எண்ணிக்கையும் சமூகக் கவனமும் உடைய துறைக்குக் கிடைத்த வெற்றி அது. வகுப்பில் சிலரே அமரும் மெய்யியல் துறை அத்தகைய போராட்டம் நடத்த இயலாது.

கடலுக்கு அப்பால்

யாழ்ப்பாணம் இதற்கு மாறான காட்சியைத் தருகிறது. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. அதனினும் முக்கியமானது பள்ளிப் பாடத்திட்டம். க.பொ.த. உயர்தரத்தில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’, ‘இந்து நாகரிகம்’ ஆகியவை பாடங்களாக உள்ளன. எனவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றவருக்குப் பள்ளி ஆசிரியப் பணி என்னும் இயல்பான வழி உண்டு. நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரத்திற்குப் பள்ளி கொண்டுவந்தார். மெய்யியலைப் பள்ளியில் நிலைநிறுத்தும் வழக்கம் மட்டும் கடலைக் கடந்து வரவில்லை. தமிழக மேல்நிலைக் கல்வியில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்னும் பாடம் இருப்பினும், முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில் மெய்யியல் தனிப்பாடமாக இடம்பெறவில்லை.

கட்டணம் மிகுந்த நாடுகளும் தவணையை வருவாயோடு இணைத்துள்ளன. ஆத்திரேலியா 1989இல் தொடங்கிய முறையில் பட்டதாரியின் வருவாய் குறிப்பிட்ட எல்லையைக் கடந்த பின்னரே திருப்பிச் செலுத்தல் தொடங்கும். இங்கிலாந்தில் 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டாகத் தொடங்கிய கட்டணம் 2012இல் 9,000 பவுண்டு வரை உயர்ந்தது. அங்கும் எல்லைக்கு மேற்பட்ட வருவாயில் 9 விழுக்காடு மட்டுமே பிடிக்கப்படுகிறது. மெய்யியல் பட்டதாரி குறைவாக ஈட்டினால் குறைவாகச் செலுத்துவார். அம்முறைக்கும் கடுமையான எதிர்ப்புகள் உண்டு. எனினும் வேலையற்றவர் வீட்டுக்கு வங்கி அறிவிப்பு வரும் நிலை அதில் இல்லை.

இந்தியாவில் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் உயர்ந்த நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேரும் மாணவருக்குப் பிணையற்ற கடன் வழங்குகிறது. குடும்ப வருவாய் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளோருக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. கலைப்பாடங்களும் வட்டிச் சலுகை வரம்பிற்குள் வந்துள்ளன. ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர் என்னும் எல்லைக்குள் தேர்ந்தெடுக்கும்போது, அரசு நிறுவனங்களில் பயில்வோருக்கும் தொழில், தொழில்நுட்பப் படிப்பினருக்கும் முன்னுரிமை அளிக்கப்படும் என அத்திட்டத்தின் விதி கூறுகிறது. 4.5 லட்சத்திற்கு உட்பட்டோருக்கான முழு வட்டி மானியமும் 2009இல் வகுத்தவாறே தொழிற்படிப்புகளுக்கு மட்டும் தொடர்கிறது. அண்ணாமலைநகரில் எம்.ஏ. மெய்யியலில் சேரும் மாணவர் முதல் முன்னுரிமைக்கு உரியவர், இரண்டாவதற்கு உரியவரல்லர்.